பூட்டிய அரங்கில் 88–44

(இளைஞர்களுக்கான ஞாயிற்றுக்கிழமைக் கூடுகை ஒன்றில் பேசியதின் எழுத்து வடிவம்)



என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டார்கள். நான் ஒரு பாஸ்கெட்பால் கோச்சைப் பற்றிப் பேசப்போகிறேன். அவர் பேர் ஜான் மெக்லெண்டன். அமெரிக்கக் கறுப்பர். 1915இல் கான்சஸ் மாநிலத்தில் பிறந்து 1999இல் இறந்துபோனவர். கறுப்பினக் கவிதைகளைத் தேடிப் படிக்கப் போன இடத்தில் இந்த மனிதர் கிடைத்தார். அவர் கவிதை எழுதியவர் இல்லை. எழுதின புத்தகம் பாஸ்கெட்பால் ஆடுவது எப்படி என்று சொல்லித்தருகிற புத்தகம். பெரும்பாலும் சின்னச் சின்னக் கல்லூரிகளில், கறுப்பர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட கல்லூரிகளில் வேலை பார்த்தவர்.

இவர் எதுக்கு நமக்கு? சொல்கிறேன்.

நான் வங்கியில் குமாஸ்தா. கேஷ் கவுன்டரில் பத்து வருஷம். சாயந்திரம் கணக்கு நேராகாமல் ஒருநாளும் எழுந்ததில்லை. ஆனாலும் டீ குடிக்கப் போகிற இடத்தில் ஒரு வார்த்தை காத்துக்கொண்டிருக்கும். 'கோட்டா'. முகத்துக்கு நேரா சொல்ல மாட்டாங்க. பக்கத்தில் நிற்கிறவரிடம், நமக்குக் காது கேட்கிற தூரத்தில் சொல்வாங்க. அதுக்கு ஒரு மரியாதையான பேரும் வச்சிருக்காங்க: தகுதி, திறமை. திறமை இருக்கிறவன் மேலே வரட்டும் சார், நாங்களா வேணாங்கிறோம் என்பார்கள். இந்தப் பேச்சுக்கு நம்மவர்கள் நிறைய பதில் எழுதியிருக்கிறார்கள். புள்ளிவிவரத்தோடு எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து ஆகச் சிறந்த பதில் ஒரு ஸ்கோர். 88–44. அது எப்படி வந்தது, வந்த ஸ்கோரை ஏன் ஐம்பது வருஷம் வெளியே சொல்ல முடியவில்லை என்பதுதான் இன்றைக்கு நான் பேசப்போவது.

முதலில் ஆட்டத்தைப் பற்றி. கூடைப்பந்து தானாக வளர்ந்த விளையாட்டு இல்லை. ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கியது. ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891 டிசம்பரில், ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ஊரில், குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாத மாணவர்களுக்காக, பீச் பழக்கூடை இரண்டை மாடிக் கைப்பிடியில் அடித்து மாட்டி, 13 விதி எழுதி ஆரம்பித்துவைத்தார். பிற்பாடு கான்சஸ் பல்கலைக்கழகத்துக்கு வேலைக்கு வந்தார். அங்கே முதல் கோச்சும் அவர்தான். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பல்கலைக்கழகத்தின் கோச்சுகளில் ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம் என்று கணக்கு இருப்பது அவர் ஒருத்தருக்குத்தான். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவருக்கு!

அந்த நெய்ஸ்மித்திடம் 1933இல் ஒரு கறுப்புப் பையன் போய் நிற்கிறான். நீங்கள்தான் என் ஆலோசகர் என்கிறான். யார் சொன்னது என்று கேட்கிறார். அப்பா சொன்னார் என்கிறான். அந்தப் பல்கலைக்கழகத்தில் கறுப்பர் படிக்கலாம். பாஸ்கெட்பால் அணியில் சேர முடியாது. ஆட்டத்தை உண்டாக்கினவரே வாத்தியார், ஆனால் அணியின் சட்டையைப் போட முடியாது. மெக்லெண்டன் படித்து முடித்துப் போய் ஏறக்குறைய பதினைந்து வருஷம் கழித்துத்தான் அந்த அணியில் முதல் கறுப்பர் ஆடினார். இதை எப்படிப் புரிந்துகொள்வது? வேதத்தை எழுதினவனே பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லித்தருகிறான், கோயிலுக்குள் மட்டும் விட மாட்டேன் என்கிறது ஊர். நமக்கு வேதமும் கிடைத்ததில்லை, அது வேற விஷயம்.

உடற்கல்விப் பட்டம் வாங்க நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. நீச்சல் குளமோ வெள்ளையருக்கு. மெக்லெண்டன் போய்க் குதித்தார். நீந்தினார். ஏறி வந்தார். அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? குளத்துத் தண்ணீர் மொத்தத்தையும் திறந்துவிட்டு வடித்தார்கள்.

இந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். 1927 மார்ச் 20. மகாத். சவுதார் குளத்தில் பாபாசாகேப் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். கூட வந்தவர்களும் குடித்தார்கள். அடி விழுந்தது. அப்புறம் சாதி இந்துக்கள் மாட்டுச் சாணத்தையும் மூத்திரத்தையும் குடம் குடமாகக் குளத்தில் ஊற்றி, மந்திரம் சொல்லித் 'தீட்டுக் கழித்தார்கள்'. ஏழெட்டு வருஷ இடைவெளி. நடுவில் கடல். இங்கே சாணியைப் போட்டுச் சுத்தம் பண்ணினான், அங்கே தண்ணியை வடிச்சுச் சுத்தம் பண்ணினான். அவனுக்கு வசதி இருந்தது, குழாய் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பாபாசாகேபுக்கு இந்த ஒற்றுமை தெரியும். 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில் கொலம்பியாவில் படித்தவர் அவர். ஹார்லெம் பக்கத்தில்தான். 1946இல் கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதுகிறார்: ஐ.நா. சபைக்குக் கறுப்பர்கள் கொடுக்கும் மனுவின் பிரதி வேண்டும் என்று. 1972இல் பம்பாயில் நம் தோழர்கள் தலித் சிறுத்தைகள் என்று பேர் வைத்ததும் கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்துத்தான். ஆகவே நான் இன்றைக்கு ஒன்றும் புதுசாக முடிச்சுப் போடவில்லை.

குளத்துக்கு வருவோம். மெக்லெண்டன் சும்மா இருக்கவில்லை. திரும்பப் போனார், அதிகாரிகளிடம் வாதாடினார். கொஞ்ச நாள் பார்ப்போம், கலாட்டா எதுவும் நடக்கவில்லை என்றால் திறந்துவிடலாம் என்று ஒரு பேச்சு முடிந்ததாம். உடனே அவர் கறுப்பு மாணவர்கள் எல்லாரிடமும் போய், இந்தக் கெடு முடிகிற வரைக்கும் ஒருத்தரும் குளத்துப் பக்கம் போகாதீங்க என்று சொல்லிவிட்டாராம். கலாட்டா நடக்கவில்லை. எப்படி நடக்கும்? குளம் திறந்தது. அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதை இது. எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர் ஆள் எப்படி என்பது இதிலேயே இருக்கிறது. சத்தம் போட மாட்டார். ஆனால் அடுத்த மூணு நகர்வைப் பார்த்துவைத்திருப்பார்.

தனக்கு ஆட இடமில்லை, சரி. அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியின் கறுப்புப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். படிக்கும்போதே கோச். 1936இல் பட்டம். அந்தப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்விப் பட்டம் வாங்கிய முதல் கறுப்பர். அடுத்த வருஷம் அயோவாவில் முதுகலை. அதே கையோடு தெற்கே, வட கரோலினாவின் டர்ஹம் நகரத்துக்கு வேலைக்குப் போகிறார். கல்லூரியின் பேரே 'நீக்ரோக்களுக்கான வட கரோலினா கல்லூரி'. நம்மூர் அரசு ஆவணத்தில் ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்று போட்டிருப்பதைப் போல, பேரிலேயே முத்திரை.

அங்கே அவர் கற்றுக்கொடுத்த ஆட்டத்தைக் கொஞ்சம் விளக்கணும். பிள்ளைகளுக்குப் புரியும்.

அந்தக் காலத்துப் பாஸ்கெட்பால் நிதானமான ஆட்டம். பந்து கையில் வந்தால் மெதுவாக நடத்திக்கொண்டு போவார்கள். எதிரணி தன் கூடைக்குக் கீழே போய் வரிசை கட்டி நிற்கும். இவர்கள் சுற்றிச் சுற்றி பாஸ் போட்டு, ரெண்டு காலையும் தரையில் ஊன்றி, ரெண்டு கையால் எறிவார்கள். ஒவ்வொரு கூடை விழுந்ததும் பந்தை நடுவட்டத்துக்குக் கொண்டுவந்து மேலே போட்டு ஆரம்பிக்க வேண்டும் என்ற விதி 1937 வரைக்கும் இருந்தது. அந்த விதி போனதும் ஆட்டத்துக்கு ஓடுவதற்கு வழி திறந்தது. அந்த வழியில் முழுசாக ஓடியவர்களில் மெக்லெண்டன் முக்கியமானவர். பந்தை நாம் பிடித்த அடுத்த நொடியே மூன்று பேர் மூன்று தடத்தில் ஓட வேண்டும். எதிரி திரும்பிப் பார்ப்பதற்குள் கூடை. பந்து அவன் கையில் இருந்தால், நம் கூடைக்கு வரட்டும் என்று காத்திருக்காதே. அவன் பந்தை எடுக்கிற இடத்திலேயே போய் மறி. மைதானத்தின் 94 அடியும் ஆடுகளம்தான். பந்து எங்கே இருக்கிறதோ அங்கே போராடு என்பது நெய்ஸ்மித்திடமிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடம்.

இப்படி நாற்பது நிமிஷம் ஓட நெஞ்சில் தம் வேணும். அதனால் சீசன் தொடங்குமுன் பையன்களை மைல் கணக்கில் ஓடவிட்டார். முதல் பாதியில் எதிரி சமாளிப்பான். இரண்டாம் பாதியில் அவன் கால் கனக்கும். நம் பையன் அப்போதும் ஓடிக்கொண்டிருப்பான். இதைத்தான் 'காட்டு ஆட்டம்', 'ஒழுங்கில்லாத ஆட்டம்' என்று பேசினார்கள். கறுப்பர்களுக்கு இயல்பாகவே கால்வேகம், அவர்களுக்கு யோசனை கிடையாது என்றும் சொல்வார்கள். கவனிங்க. நம்ம பாட்டை, பறையைச் சொல்கிற மாதிரியேதான். ரத்தத்துல இருக்குப்பா என்பான். பாராட்டுகிற மாதிரி உழைப்பைக் களவாடுகிற பேச்சு அது. மெக்லெண்டன் ஒவ்வொரு ஓட்டத் தடத்தையும் கணக்குப் போட்டு வரைந்தவர். 1965இல் அதைப் புத்தகமாகவே போட்டார். ரத்தத்தில் இருப்பதற்கு எதுக்குங்க வரைபடம்?

இப்ப 1944.

டர்ஹமிலேயே இன்னொரு பல்கலைக்கழகம். டியூக். பெரிய பணக்கார இடம். வெள்ளையருக்கு மட்டும். யுத்த காலம். அங்கே மருத்துவக் கல்லூரியில் படிக்க ராணுவம் நாடு முழுவதிலுமிருந்து ஆட்களை அனுப்பியிருந்தது. அவர்களில் பலர் தங்கள் தங்கள் கல்லூரியில் நன்றாக ஆடியவர்கள். அவர்கள் சேர்ந்து ஓர் அணி. அந்த மாநிலத்திலேயே இதுதான் சிறந்த அணி என்று பேச்சு. இந்தப் பக்கம் மெக்லெண்டனின் அணி, 'கழுகுகள்'. அவர்களும் எல்லாரையும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் யாரை? மற்ற கறுப்புக் கல்லூரிகளை. இரண்டு அணிகளுக்கும் நடுவில் சில மைல் தூரம்தான். இரண்டும் மோதவே முடியாது. சட்டமும் வழக்கமும் அப்படி.

இரு தரப்பிலும் சில மாணவர்கள் ஒய்.எம்.சி.ஏ. கூட்டங்களில் ரகசியமாகச் சந்தித்துப் பேசுவது உண்டு. அங்கே வாய்ப்பேச்சு வளர்ந்தது. உங்க அணி பெரிசா, எங்க அணி பெரிசா? மெக்லெண்டன் சரி என்றார். அவருக்கு அப்போது வயது 28. மாட்டினால் வேலை போகும். வேலை மட்டும் போனால் அது அதிர்ஷ்டம்.

1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை. காலை சுமார் பதினொரு மணி. ஏன் அந்த நேரம்? ஊரில் போலீஸ்காரன் முதற்கொண்டு எல்லாரும் சர்ச்சில் இருப்பான். டியூக் பையன்கள் கடன் வாங்கிய கார்களில் சுற்று வழியில் வந்தார்கள். இறங்கும்போது கோட்டைத் தலைமேல் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பையன்கள் முகத்தை மறைத்துக்கொண்டு ஓர் இடத்துக்குள் போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கதவைப் பூட்டினார்கள். பார்வையாளர் கிடையாது. விஷயம் கசிந்து, சில மாணவர்கள் ஜன்னலில் ஏறித் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள். உள்ளே ஒரு ரெஃப்ரி, ஒரு கடிகாரம், ஒரு ஸ்கோர்.

ஆரம்பத்தில் ரெண்டு பக்கமும் கை நடுக்கம். லேசான பாஸ்கூடத் தவறியது. சும்மாவா? அந்த ஊரில் ஒரு கறுப்பன் வெள்ளைக்காரன் மேலே தெரியாமல் இடித்தாலே உயிர் போகலாம். பாஸ்கெட்பாலோ இடிக்காமல் ஆட முடியாத ஆட்டம். தோளோடு தோள், வியர்வையோடு வியர்வை. தொட்டால் தீட்டு என்று நூற்றாண்டுகளாகக் கட்டிவைத்ததை அந்தப் பூட்டிய ஹாலுக்குள் பத்துப் பேர் மாறி மாறி இடித்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கழுகுகளுக்குத் தெரிந்துபோனது: இவங்களும் நம்மளை மாதிரி ஆளுங்கதான், தோற்கடிக்க முடியும். அப்புறம் ஓட ஆரம்பித்தார்கள்.

88–44. சரியாக இரண்டு மடங்கு.

அத்தோடு முடியவில்லை. கொஞ்சம் இளைப்பாறிவிட்டு இன்னொரு ஆட்டம் போட்டார்கள். இந்த முறை இரண்டு அணியையும் கலந்து பிரித்தார்கள். சட்டை போட்டவன் ஒரு கட்சி, சட்டை கழற்றியவன் ஒரு கட்சி. வெள்ளையும் கறுப்பும் ஒரே பக்கம். அது முடிந்து மாணவர் விடுதியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்துவிட்டு வந்த வழியே போனார்கள். ஊரிலிருந்த கறுப்பர் வாரப் பத்திரிகையின் நிருபர் ஒருவருக்குச் சேதி தெரியும். அவர் எழுதவில்லை. எழுதாமல் இருந்ததுதான் அன்றைக்கு அவர் செய்த பத்திரிகைத் தொழில்.

பயம் அதிகப்படியோ என்று யாருக்காவது தோன்றினால்: அதே ஆண்டு ஜூலையில், அதே டர்ஹமில், புக்கர் ஸ்பைஸ்லி என்ற கறுப்புப் படைவீரர் பஸ்ஸில் பின்சீட்டுக்குப் போவதைப் பற்றிப் பேசினார் என்பதற்காக பஸ் டிரைவர் சுட்டுக் கொன்றான். யூனிஃபார்மில் இருந்த சிப்பாய். கோர்ட் டிரைவரை விடுதலை செய்தது. ஆட்டம் நடந்து நாலே மாசம்.

ஸ்காட் எல்ஸ்வர்த் என்ற வரலாற்றாய்வாளர் 1996இல் ஒரு பெரிய பத்திரிகையில் இதை எழுதினார். அதுவரைக்கும் 52 வருஷம் இந்த ஸ்கோர் எந்தப் பொதுக் கணக்கிலும் கிடையாது. நான் கேட்பது இதுதான். தகுதியை அளக்கலாம் வா என்று கூப்பிட்டது யார், கதவைப் பூட்டிக்கொண்டு அளக்கவேண்டிய நிலைமையை உண்டாக்கியது யார்? அளவுகோலைத் தன் வீட்டுப் பெட்டியில் பூட்டிவைத்துக்கொண்டு, உனக்கு உயரம் பத்தாது என்கிறவனோடு என்ன விவாதம் செய்வது?

மெக்லெண்டனுக்கு இது தெளிவாகப் புரிந்திருந்தது. அதனால்தான் அவர் வாழ்க்கையின் மீதிப் பாதி, ஆட்டத்தை ஜெயிப்பதைவிட, ஜெயித்தது கணக்கில் ஏறுகிற இடத்துக்குள் நுழைவதற்கே செலவானது. 1946இல் கறுப்புக் கல்லூரிகளுக்கென்று ஒரு போட்டித்தொடர் நடத்த அவரும் மற்ற கோச்சுகளும் 500 டாலர் கையிருப்போடு வாஷிங்டனில் இறங்கினார்கள். முதல் கோப்பையை அவருடைய அணியே, மூன்று முறை கூடுதல் நேரம் ஆடி வாங்கியது. நமக்கென்று ஒரு கணக்குப் புத்தகம் முதலில். பிறகு, உங்கள் கணக்குப் புத்தகத்தையும் திற.

அது லேசில் திறக்கவில்லை. நாட்டின் பெரிய கல்லூரிப் போட்டி கறுப்புக் கல்லூரிகளைக் கூப்பிடாது. சின்னக் கல்லூரிகளுக்கென்று கான்சஸ் சிட்டியில் வேறொரு தேசியப் போட்டி நடக்கும். அதில் 1948 வரை ஒரு வெள்ளைக் கல்லூரி அணியில் ஒரே ஒரு கறுப்புப் பையன் இருந்தாலும் அவன் இறங்கக் கூடாது. மெக்லெண்டனும் கூட்டாளிகளும் மனு மேல் மனு போட்டார்கள், மாநாடுகளுக்குப் போய் நின்றார்கள். 1953இல் கறுப்புக் கல்லூரிகளுக்கென்று ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. சரியாகக் கேளுங்க: ஒதுக்கப்பட்டது. ஒரு மாவட்டம் மாதிரிப் பிரித்து, கறுப்புக் கல்லூரிகளில் ஜெயிக்கிற ஓர் அணி தேசியப் போட்டிக்கு வரலாம் என்றார்கள். நம் பாஷையில் சொன்னால் ரிசர்வ் தொகுதி. கோட்டா.

1954இல் அவர் நாஷ்வில் நகரத்து டென்னசி ஏ அண்ட் ஐ கல்லூரிக்கு வந்துவிட்டார். அந்த வருஷம் கான்சஸ் சிட்டிப் போட்டிக்கு அழைப்பு வந்தபோது அவர் ஒரு நிபந்தனை போட்டார். மற்ற அணிகள் தங்குகிற இடத்தில் என் பையன்கள் தங்க வேண்டும், மற்றவர்கள் சாப்பிடுகிற இடத்தில் சாப்பிட வேண்டும். இல்லையென்றால் வரமாட்டோம். இது சின்ன விஷயம் இல்லை தோழர்களே. ஆடுவதற்கு விடுவான், சாப்பிட விடமாட்டான். நம்ம பல்வங்கர் பாலு நூறு வருஷத்துக்கு முந்தி இந்தியாவின் மிகச் சிறந்த பந்துவீச்சாளர். சாம்பார் வீட்டுப் பிள்ளை. பூனாவில் அவர் எடுத்த விக்கெட் இந்துக்களின் கணக்கில் சேரும். டீ நேரத்தில் மட்டும் அவருக்கு வெளியே, தனிக் கோப்பையில். பாலுவுக்குக் கடைசி வரை கேப்டன் பதவி கிடைக்கவில்லை. மெக்லெண்டன் கோப்பை விஷயத்தை முதலில் பேசி முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினார். ஒத்துக்கொண்டார்கள்.

அப்புறம் கோட்டாவில் வந்தவர்கள் என்ன செய்தார்கள்? 1957இல் சாம்பியன். தேசியப் பட்டம் ஒன்றை வெள்ளைக் கல்லூரிகளோடு மோதி வாங்கிய முதல் கறுப்புக் கல்லூரி. 1958இல் சாம்பியன். 1959இல் சாம்பியன். மூன்று வருஷம் தொடர்ந்து கல்லூரித் தேசியப் பட்டம் வாங்கிய கோச் அதற்கு முன்பு அமெரிக்காவில் யாருமே இல்லை, எந்த நிறத்திலும். நுழைவுக்குத்தான் ஒதுக்கீடு. உள்ளே போன பிறகு கூடையின் உயரம் எல்லாருக்கும் பத்தடிதான். இதை நான் எங்க டீக்கடையில் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். அன்றைக்குக் காசு கொடுத்தவர் நான்தான், அதனால் கேட்டுக்கொண்டார்கள்.

ஆனால் வரலாறு என்ன சொல்கிறது பாருங்க. கறுப்பர் அணி வெள்ளை அணியை வென்று பாஸ்கெட்பாலை மாற்றிய வருஷம் எது என்று கேட்டால் 1966 என்பார்கள். அந்த வருஷம் டெக்சஸ் வெஸ்டர்ன் அணி ஐந்து கறுப்பர்களை இறக்கிக் கென்டக்கியின் வெள்ளை அணியை வென்றது. பெரிய வெற்றிதான், மறுக்கவில்லை. 2006இல் அதைச் சினிமாவாகவும் எடுத்தார்கள். அந்தக் கோச் வெள்ளையர். அதுக்கு ஒன்பது வருஷம் முன்னாடி கறுப்புக் கல்லூரி, கறுப்புக் கோச், கறுப்பு ஆட்டக்காரர்கள் என்று மொத்தமும் கறுப்பாக வாங்கிய கோப்பைக்குச் சினிமா இல்லை. நம்மைப் பற்றிய கதையிலும் நமக்கு வழிகாட்டி வெளியே இருந்து வந்தால்தான் கதை விற்கிறது.

அவர் ஆட்களைக் கைகொடுத்து ஏற்றிவிட்ட விதத்தையும் சொல்லணும். 1950இல், கறுப்பரே இல்லாத என்.பி.ஏ. தொழில்முறை ஆட்டத்துக்குத் தேர்வு நடந்தபோது, தன் மாணவர் ஹெரால்ட் ஹன்டரோடு, வேறொரு கல்லூரியில் ஆடிய எர்ல் லாய்டையும் வாஷிங்டன் அணிக்குக் கூட்டிக்கொண்டு போனார். போட்டிக் கல்லூரிப் பையன்! ஹன்டரை அணியில் கடைசியில் வைத்துக்கொள்ளவில்லை. லாய்டை வைத்துக்கொண்டார்கள். அந்த அக்டோபர் 31 அன்று என்.பி.ஏ.வில் ஆடிய முதல் கறுப்பர் ஆனார் லாய்டு. ஹன்டர் பிற்பாடு கோச் ஆனார், அதே டென்னசி கல்லூரியில்.

மெக்லெண்டனின் மீதி வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கிளீவ்லேண்டில் ஒரு தொழில்முறை அணி. 1961இல் அந்த அணி புது லீக்கில் சேர்ந்தபோது, அமெரிக்கத் தொழில்முறை லீக் ஒன்றின் முதல் கறுப்புத் தலைமைக் கோச். ஆட்டக்காரர்களின் சம்பள விஷயத்தில் முதலாளியோடு மோதல் வந்தது. பையன்கள் பக்கம் நின்று, சீசன் நடுவிலேயே ராஜினாமா செய்துவிட்டுப் போனார். 1966இல் கிளீவ்லேண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம். வெள்ளையர் பெரும்பான்மையான ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கறுப்பர் தலைமைக் கோச் ஆனது அதுவே முதல் முறை. 1968இலும் 72இலும் ஒலிம்பிக் அணியின் பயிற்சிக் குழுவில். டென்வரில் ஒரு தொழில்முறை அணி, 28 ஆட்டத்திலேயே அனுப்பிவிட்டார்கள். அதுவும் கணக்கில் இருக்கட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. இதைப் பேசாமல் போனால் சரியில்லை. அவர் கதவைத் திறந்தார், நல்லது. திறந்த கதவு வழியாக என்ன நடந்தது? 1954இல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகு, தெற்கே கறுப்புப் பள்ளிகளை மூடினார்கள். கறுப்புப் பிள்ளை வெள்ளைப் பள்ளிக்குப் போனான். கறுப்பு வாத்தியார், கறுப்பு ஹெட்மாஸ்டர், கறுப்புக் கோச் வீட்டுக்குப் போனார். ஆயிரக்கணக்கில். கொஞ்ச காலத்தில் பெரிய வெள்ளைக் கல்லூரிகள் நல்ல நல்ல கறுப்பு ஆட்டக்காரர்களைக் கொத்திக்கொண்டு போக ஆரம்பித்தன. மெக்லெண்டன் வேலை பார்த்த மாதிரிச் சின்னக் கறுப்புக் கல்லூரிகள் வற்றிப்போயின. பையனின் கால் வேணும், அவனைப் பழக்கின ஆள் வேணாம். 'சேர்த்துக்கொள்வது' என்றால் பெரும்பாலும் இதுதான் அர்த்தம். தனியாக நிற்பதா, உள்ளே போவதா என்று நாம் எத்தனை கூட்டத்தில் விடிய விடியப் பேசியிருக்கிறோம்! மெக்லெண்டன் இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யவில்லை. சொந்தக் கல்லூரியின் அணியாகவே, சொந்தக் கோச்சோடு, சொந்தச் சட்டையோடு உள்ளே போனார். தனித்தனிப் பையனாக அல்ல. இந்த வித்தியாசத்தை நாம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. நம் பிள்ளைகள் படிக்கிற நலத்துறைப் பள்ளிகளை எதற்கு இன்னும் தனியாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிற குரல்கள் இருக்கின்றன. கேட்கிறவர் யார், மூடினால் வாத்தியார் எங்கே போவார், ஹாஸ்டல் என்னவாகும் என்று பதிலுக்குக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

பாஸ்கெட்பாலுக்கு ஒரு புகழ் மண்டபம் இருக்கிறது. அதுக்கு வைத்திருக்கும் பேர் நெய்ஸ்மித். மெக்லெண்டனின் வாத்தியார் பேர். 1979இல் மெக்லெண்டனை அதில் சேர்த்தார்கள். எந்த வகையில் தெரியுமா? 'பங்களிப்பாளர்' என்று. கல்லூரி ஆட்டங்களில் 500க்கு மேல் ஜெயித்தவர், மூன்று தேசியப் பட்டம் வாங்கியவர், கோச் இல்லையாம், பங்களிப்பாளராம். நன்கொடை கொடுத்தவரைச் சொல்கிற மாதிரி. 1999இல் அவர் இறந்தார். கோச் என்று சேர்த்தது 2016இல். பதினேழு வருஷம் கழித்து.

அந்த மூன்று பட்டத்து அணியில் டிக் பார்னெட் என்று ஒரு ஆட்டக்காரர். பிற்பாடு நியூயார்க் அணிக்காக ஆடி 1970இலும் 73இலும் என்.பி.ஏ. பட்டம் வாங்கியவர். டாக்டர் பட்டமும் வாங்கினார். தன் கல்லூரி அணி மறக்கப்பட்டதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வயசான காலத்தில் அதுக்காகவே வருஷக்கணக்கில் கதவு கதவாகத் தட்டினார். 2019இல் அந்த அணி மொத்தமும் புகழ் மண்டபத்தில் ஏறியது. 2024இல் பார்னெட்டும் தனியாக ஏறினார். அதே வருஷம், அணியில் உயிரோடு இருந்தவர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்தார்கள். சாம்பியன் அணிகளை அழைக்கிற வழக்கம் அங்கே உண்டு. இவர்களுக்கு அந்த அழைப்பு வர அறுபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆனது. போனவர்கள் எல்லாரும் எண்பதைத் தாண்டிய கிழவர்கள். பார்னெட் 2025 ஏப்ரலில் இறந்தார்.

இவ்வளவுதான் நான் சேர்த்து வைத்திருப்பது. பிள்ளைகள் கேள்வி கேட்கலாம். கவிதை வேணும்னா சாப்பாட்டுக்கு அப்புறம் வாசிக்கிறேன்.